இரண்டரை அடி

கந்தப்பளையில் நில அளவை மாத்தையா நடக்கிறார்
கையில் டேப், கக்கத்தில் குடை;
பின்னால் வரும் பையனுக்கு இருமல்.
லீக்ஸ் பாத்தி நடுவே நின்று
பழுத்த வரைபடத்தை விரித்து
தடுமாறும் தமிழில் சொல்கிறார்:
"இது ரயில் பாதை, அக்கா."

எந்த ரயில்?
கிழங்கு தோண்டும்போது ஓர் ஆணி வந்தது,
தலை தட்டை, பெருவிரல் தடிப்பு.
ஆட்டுக்கு முளை அடிக்கத் தோதாக இருந்தது.
நான் கண்ட ரயில் அவ்வளவுதான்.

நானுஓயாவில் பெரிய பாதையை விட்டுப் பிரிந்து
நுவரெலியா ஏறி, இங்கே மூச்சு வாங்கி
ராகலைக்குப் போகுமாம்.
தண்டவாளத்துக்கு இடையே இரண்டரை அடி.
டேப்பை இழுத்துக் காட்டுகிறார்.
எங்கள் லயத்துக் கட்டிலும் அதே அகலம்;
நானும் சந்தனமேரியும் தலைமாறிப் படுத்தது.

தேயிலைப் பெட்டி போனதாம், உரமூட்டை வந்ததாம்,
தொப்பிக்காரர்கள் சன்னலோரமாம்.
மண் வெட்டியவர்கள் பெயர் கேட்டேன்.
படத்தில் வளைவுகளுக்குத்தான் எண் உண்டு.

லொறி வந்ததும் இரும்பைக் கழற்றிக்கொண்டு போனார்கள்.
நிலத்தை மட்டும் யாரும்
அதனிடம் திருப்பிக் கேட்கவில்லை.
ஓடாத ரயிலுக்குப் பத்தொன்பது மைல்.
ஓடி ஓடிக் கொழுந்தெடுத்தவளுக்கு
ஏழு பேர்ச்
அதற்கும் கடிதம் இன்னும் வரவில்லை.

"என்ன எழுதட்டும்?" என்கிறார்.
மழை வருது, படம் நனையும், உள்ளே வாங்க.
எழுதுங்க:
பாதையில் தடை. லீக்ஸ் நாலு பாத்தி.
ஆடு ஒன்று,
கட்டியிருப்பது ரயில்வே ஆணியில்.