அவகாசம்

மேட்டூரில் தண்ணீர் திறந்து பத்துப் பன்னிரண்டு நாளில்
என் போன் அடிக்க ஆரம்பித்துவிடும்.
வரப்பு வளைகளில் நீர் ஏற ஏற
எலிகள் குடும்பத்தோடு மாயவரத்துக்குக் குடிவரும்.
அட்வான்ஸ் கிடையாது, வாடகை கிடையாது.
குறுவை அறுப்பில் பச்சைத் தத்துப்பூச்சி,
ட்யூப்லைட்டை மொய்த்துச் சாம்பாரில் விழும்.
அதற்கு மருந்தில்லை, விளக்கை அணையுங்கள் என்பேன்.
சரியான யோசனைக்கு இந்த ஊரில் யாரும் காசு தருவதில்லை.

பதினோரு வருஷமாக இந்த மஞ்சள் டேங்க் முதுகில்.
வீடுகளை எனக்குக் கீழேயிருந்துதான் தெரியும்.
கடுகளவு ஜெல் வைக்க மண்டியிடும்போது
சிங்க்குக்கு அடியில், கரப்பான் கூட்டுக்குப் பக்கத்தில்
வக்கீலின் பாட்டில், மருமகளின் சுருட்டிய நூறுகள்.
பார்ப்பேன். சொல்லமாட்டேன்.
ரேட் கார்டில் இல்லாத சேவை அது.

கூறைநாட்டில் ஞானசௌந்தரி டீச்சர் வீடு.
புரட்டாசிப் புழுக்கம்.
மர அலமாரியின் பின்பலகையில்
ஒரு விரல் அகலத்துக்கு மண்கோடு,
கிழவன் கை நரம்பு மாதிரி ஏறியிருந்தது.
ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினேன்.
வெள்ளையாய், அவசரமாய், நூறு பேர்.
“உசுரோடதான் இருக்கு டீச்சர்.
சுவரோரமா அடிக்கொரு துளை, முப்பத்திரண்டு வரும்.
மருந்தை எறக்கி வெள்ளை சிமெண்ட் வச்சு அடைச்சா
அஞ்சு வருஷம் கியாரண்டி.”

அவர் அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றார்.
கணக்கு டீச்சர்.
“மேல் தட்டுக்குப் போக எத்தனை நாள் ஆகும்?”
“மருந்துக்கா?”
“அதுகளுக்கு.”

மேல் தட்டில் ஒரு காக்கிக் கவர்.
அப்பா கைப்பட எழுதியது, ரிஜிஸ்டர் ஆகாதது.
வீடு மூன்று தம்பிகளுக்கும் சமமாய்.
பதினாறு வருஷம் அந்த மனுஷனின் பீத்துணி அலசியவர் பெயர்
சாட்சிக் கையெழுத்தாக மட்டும்.
இதெல்லாம் பிறகு பால்கார சிங்காரவேலு சொன்னது.
டீச்சர் அன்று சொன்னது ஒரே வரி:
“அடுத்த வெள்ளி தம்பிகள் வர்றாங்க, அதுக்கப்பறம் வாங்களேன்.”

தொழில் என்று ஒன்று இருக்கிறது.
பலகையைத் தட்டிக் கேட்டேன்.
கீழே பொள்ளல். நடுவில் பொள்ளல்.
மேலே இன்னும் மரம்.
“தேக்குன்னா மாசக்கணக்காகும். இது மாம்பலகை.
காகிதம் கெடைச்சா மரத்த விட்டுடும்.
மழை பேஞ்சா இன்னும் சுருக்க.”
தலையசைத்தார், விடைத்தாளில் டிக் போடுகிற மாதிரி.
பார்வைக் கட்டணம் இருநூறை
எண்ணி, இன்னொரு தடவை எண்ணிக் கொடுத்தார்.
வாசலில் வண்டியை உதைக்கும்போது
வானத்தைப் பார்த்தார்.
நானும் பார்த்தேன்.

அன்றிரவு பெய்தது.
ஞாயிறு பெய்தது.
புதன் விடிய விடிய.

சனிக்கிழமை ஜெயசீலனோடு டிரில்லைத் தூக்கிக்கொண்டு போனேன்.
அலமாரி திறந்து கிடந்தது.
கவரின் விளிம்பு மட்டும், உள்ளே ஈர மண்,
மண்ணுக்குள் ஒரு ஸ்டேப்ளர் பின்.
கடைசித் தம்பி என்னைத்தான் கேட்டார்:
“முன்னாடியே வந்து அடிச்சிருக்கக் கூடாதா?”
“கூப்பிட்டாத்தானே சார் வர முடியும்.”
அஞ்சு வருஷம் என்று சொல்லிப் பழகிய வாய்,
இதற்குத் தடுமாறவில்லை.

முப்பத்திரண்டு துளை.
டிரில் நிற்கும்போதெல்லாம்
கூடத்திலிருந்து பேச்சுக் கேட்டது.
நாலாக வகுத்துக்கொண்டிருந்தார்கள்.
மீதி வரவில்லை என்றது டீச்சர் குரல்.

ரசீதில் ‘பூச்சி வகை’ என்றொரு கட்டம் உண்டு.
பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.
கரையான் என்றே எழுதினேன்.
காப்பி கொண்டுவந்தார்.
சர்க்கரை டப்பாவின் மூடியில் எறும்புகள்,
வரிசை தப்பாமல்.
“இதுக்கு ஏதாவது போடட்டுமா டீச்சர்?”
“இருக்கட்டும்” என்றார்.