நாற்பத்திரண்டு செட்

பல்கலை நகர் நிறுத்தத்துக்கு எதிர்க்கடை.
ஆறு மணிக்கு மேல்
டோனருக்கும் கல்லாவுக்கும் நான்தான்.

ஆதார் என்றால் முன்னும் பின்னும் ஒரே பக்கம்.
சாதிச் சான்றிதழ் என்றால்
முத்திரையில் கோபுரம் தெரிய வேண்டும்,
கருமையை ஒரு புள்ளி கூட்டணும்.
இதெல்லாம் கைக்குத் தெரியும்,
தலை வேண்டியதில்லை.

ஜெபக்கனி வந்து நோட்டைப் பிரித்து வைத்தாள்.
குவாண்டம் கணினியியல், மூன்றாம் அலகு.
"நாற்பத்திரண்டு செட்டுடி, கிளாஸுக்கே.
செக்கானூரணி பஸ் எடுக்கிறதுக்குள்ள
வர்றவரைக்கும் குடு."

முதல் பக்கத்தில் அவளுடைய நீல எழுத்து:
அறியாத ஒரு க்யூபிட்டை
நகல் எடுக்கும் எந்திரம் இருக்க முடியாது.

பச்சை வெளிச்சம் இடமிருந்து வலம் போனது.
சூடாக ஒரு தாள் வந்து விழுந்தது:
நகல் எடுக்கும் எந்திரம் இருக்க முடியாது.

நிரூபணம் ஆறே வரி.
'இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம்' என்று
கைமாற்று கேட்க வந்தவர் போல் பணிவாகத் தொடங்குகிறது.
சுழியைக் கொடு, இரண்டு சுழி தரும்.
ஒன்றைக் கொடு, இரண்டு ஒன்று தரும்.
இரண்டும் கலந்ததைக் கொடுத்தால்
வர வேண்டியவை நான்கு உறுப்புகள்,
வருபவை இரண்டு.
சுழி-ஒன்றும் ஒன்று-சுழியும்
எங்கேயும் இல்லை.

வகுப்பில் புரிந்த மாதிரித்தான் இருந்தது.
இங்கே, விரல் சுடுகிற தாளோடு நின்றுகொண்டு
வராத அந்த இரண்டையும்
தட்டுக்குள் குனிந்து தேடுகிறேன்.

பதினேழு செட்டோடு அவள் பஸ் ஏறிய பிறகுதான்
பார்த்தேன்:
இரண்டின் மேல் ரூட் இல்லை.
ஒரு கொக்கி, ஒரு கோடு. அவ்வளவுதான்.
அது இல்லாமல் வாய்ப்புகளைக் கூட்டினால்
காலும் காலும் அரை.
மீதி அரை நடக்கவே இல்லை.
நாகமலையை ஒட்டி இருட்டில்
பதினேழு அரைகுறை உலகங்கள்
மடியில் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தன.

போன் அடித்தேன். எடுக்கவில்லை,
பஸ்ஸில் பாட்டு அலறும்.

அவள் நோட்டிலேயே என் பேனாவால் ரூட் போட்டேன்.
நீலத்துக்கு நடுவே அது மட்டும் கறுப்பு.
நகலில் எல்லாமே கறுப்பு,
யார் கை என்று யாருக்கும் தெரியாது.
பதினெட்டு முதல் நாற்பத்திரண்டு வரை
கூட்டினால் ஒன்று வருகிறது.

மனசு கேட்காமல்
கெட்டுப்போன தாளின் முதுகில் போட்டுப் பார்த்தேன்.
ரூட் இல்லாவிட்டாலும் நிரூபணம் நிற்கிறது.
அந்த இரண்டு உறுப்புகள் அப்போதும் வரவில்லை.
அரை மார்க் போகலாம்,
திருத்துபவர் தூக்கக் கலக்கத்தில் இருந்தால்
அதுவும் போகாது.

ஷட்டரைப் பாதி இறக்கியபோது
ஒரு பையன் குனிந்து உள்ளே வந்தான்.
பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்.
நகலின் நகலின் நகல்.
முத்திரை வெறும் சாம்பல் வட்டம்.
கணக்கில் முப்பத்தெட்டா, எண்பத்தெட்டா,
எழுத்தில் போட்டிருந்த இடத்தில் மடிப்பு விழுந்து
வெளுத்துவிட்டது.

"ஒரிஜினல் இல்லையாப்பா?"
"இதுதாங்க்கா ஒரிஜினல்."

கணக்கில் எவ்வளவு என்று கேட்க வாயெடுத்தேன்.
கேட்காமல் மூடியைச் சாத்தினேன்.
பச்சை வெளிச்சம் போனது.

ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டினான்.
சில்லறை இல்லை,
நாளைக்குத் தா என்றேன்.