பின்னிருக்கை வாக்குமூலம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்:
என்னைப் பிடித்தது அவர்கள் அல்ல,
அந்தப் பித்தளைக் கொம்பு.
தீயணைப்பு நிலைய பேண்டுக்காரர்களுடையது.
ஏன் கொம்பு என்று கேட்காதீர்கள்.
சைக்கிள்தான் எடுக்கப் போனேன், பூட்டியிருந்தது.
ஆறு மாதக் கன்றுக்குட்டி கனம்.
வால்பரைசோவில் படியில்லாத தெரு ஏது?
நூற்று அறுபத்திரண்டு படி இறங்குவதற்குள்
சுவருக்குச் சுவர் இடித்து
நான் இருக்குமிடத்தை ஊருக்கே சொல்லிக்கொண்டு வந்தது.

ஒயார்சூன் ஓடி வந்தாள்.
மூச்சு வாங்கவில்லை.
"நில்" என்று விதிப்படி மூன்று தடவை,
விரல்விட்டு எண்ணிச் சொன்னாள்.

சார்ஜெண்ட் உவென்சுமில் ஓடவில்லை.
மலை ரயிலுக்குச் சில்லறை கொடுத்து
சன்னலோரம் பார்த்து உட்கார்ந்து,
என்னைத் தாண்டி இறங்குகையில் கையசைத்தார்.
நானும் அசைத்தேன். அம்மா வளர்ப்பு அப்படி.
கீழே எம்பனாடா கடை வாசலில்
வாய் நிறைய வெங்காயத்தோடு நின்றவர்
வயிற்றில் போய் மோதினேன்.
கொம்பு அன்றைக்கு வாசித்த ஒரே ஸ்வரம் அது.

இப்போது ஜீப்பில் மூவரும். ஓட்டுவது அவர்.
"துரத்தும்போது தின்னக்கூடாது, சார்ஜெண்ட்."
"நான் எங்கே துரத்தினேன், முன்னாலல்லவா நின்றேன்?"
அவள் கண்ணாடியை இறக்குகிறாள், வெங்காய நெடி.
அவர் ஏற்றுகிறார், கடல்காற்று இடுப்புக்கு ஆகாதாம்.
ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம்,
இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம்.
எருது யார், நொண்டி யார் என்பதுதான்
எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அறிக்கையில் என்ன எழுதுவது?
"விரட்டிப் பிடித்தோம்" என்றாள்.
"வந்து விழுந்தான்" என்றார்.
சாட்சிக்கு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்,
இரண்டு பேரும், ஒரே நேரத்தில்.
மீன் பெட்டிகள்மேல் ஏறி நின்றது ஜீப்.

கிளம்ப மாட்டேன் என்றது.
விலங்கைக் கழற்றிவிட்டு
"கொஞ்சம் தள்ளு தம்பி" என்றார்.
தள்ளினேன்.
இருட்டு. மூன்று பக்கமும் சந்து.
கால் இரண்டும் என்னுடையவைதான்.
ஓடியிருக்கலாம்.

ஆனால் உள்ளே அவள்,
"அந்தக் கழுதை விஷயத்திலும்
இதையேதானே செய்தீர்கள்" என்று ஆரம்பித்திருந்தாள்.

எந்தக் கழுதை?

இன்ஜின் உறுமியதும்
பின்கதவைத் திறந்து நானே ஏறிக்கொண்டேன்,
செதிள் ஒட்டிய கைகளோடு.
"முதலிலிருந்து சொல்லுங்கள்" என்றேன்.