மூன்று எழுத்து வித்தியாசம்

மே மாதம் தல்காரில் இரண்டு நாள் மழை,
பிறகு தேனீக்கள்.
பத்து நாள் போனதும் காட்டு ஆப்பிளின் தளிர்நுனி
ஆட்டிடையன் தொரட்டி போல வளைந்து
கறுத்துத் தொங்கியது.
தீ இல்லை. தீய்ந்த வாசம்கூட இல்லை.
பட்டை வெடிப்பில் மட்டும்
தேன் நிறத்தில் ஒரு சொட்டு.

அதைத் தொட்டெடுத்து
ஆல்மாட்டிக்குக் கொண்டுவந்தாள் தொர்கின்.
மடியில் ஐஸ் பெட்டி.
பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரி
மீனா என்று கேட்டாள்.

மயிரிழை நுழையாத துளை.
அதன் வழியே ஓர் இழை போகப் போகத்
திரையில் எழுத்து விழுகிறது:
ஏ டி டி ஜி சி ஏ
புள்ளி இல்லை, மூச்சுவிட இடமில்லை
விடிய விடிய முப்பத்தெட்டு லட்சம்.
தலையே இல்லாத ஒன்றுக்கு
இத்தனை எழுத்தா?
கடைசி எழுத்து முதலெழுத்தைக் கவ்வியதும்
வட்டம் மூடிக்கொண்டது, அந்தாதி போல.
எங்கே தொடங்கியது என்று இனிக் கேட்க முடியாது.

எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம்.
அதற்குத்தான் சம்பளம்.

பதினான்கு மாதிரிகள்.
மலைச்சரிவின் மரங்கள்,
ஒரு தேன்கூட்டின் வாசல்,
கழுவாத ஒரு கத்தரிக்கோல்.
எல்லாம் ஏறக்குறைய ஒன்றே.
கறாரான எழுத்தன் இது,
படியெடுக்கையில் பிழை விடுவது அபூர்வம்.
விட்ட பிழைதான் சாட்சி.
ஏழாம் மரத்துக்கும் பன்னிரண்டாம் மாதிரிக்கும்
மூன்றே எழுத்து.

பன்னிரண்டு, கத்தரிக்கோல்.
கத்தரிக்கோல் சயாத்துடையது.
சயாத் அவள் தங்கையின் புருஷன்,
ஒட்டுக்கட்டிக் கன்று விற்கிறவன்.
போன மாதம் அவனேதான்
எனக்கென்ன பயம், எடுத்துக்கொண்டு போ
என்று இடுப்பிலிருந்து உருவிக் கொடுத்தான்.

படிவத்தில் ஒரு கட்டம்: மூலம்.
பால் ஊற்றிய டீ ஆடை படிந்து கிடந்தது.
கத்தரிக்கோலிலிருந்து மரத்துக்கா,
மரத்திலிருந்து கத்தரிக்கோலுக்கா?
எழுத்துக்கு அம்புக்குறி கிடையாது.
அதையும் அடிக்குறிப்பில் சேர்த்தாள்.
பண்ணையின் பெயரை எழுதினாள்,
அழித்தாள்,
எழுதினாள்.

"முப்பத்தெட்டு லட்சத்தில் மூன்றா?" என்றான் போனில்,
"அப்படியென்றால் வேறு வேறுதானே?"

"உனக்கும் உன் அண்ணனுக்கும்
இதைவிட எத்தனையோ மடங்கு, சயாத்."

பின்னால் ஓடிக்கொண்டிருந்த ரம்பம் நின்றது.
தங்கையின் குரல் என்னவோ கேட்டது.
அவன் பதில் சொல்லவில்லை அவளுக்கு.

"வாசல் மரத்தையும் வெட்ட வேண்டுமா?" என்றான்.
"அது இந்த வருஷம்தான் பூத்தது."