கையேந்தல்

பூட்டைத் திறக்கச் சாவியைத் திருகினேன்.
முழங்கையின் வெளிப்பக்கம், எலும்பு முட்டி நிற்கும் இடத்தில்
யாரோ தீக்குச்சி உரசிப் பார்த்தார்கள்.

பிறகு சொம்பு.
பிறகு பாகலூர் டவுன்பஸ்ஸின் மேல்கம்பி.
பிறகு களி.
கொதிக்கிற ராகியில் துடுப்பு ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள்
நான் உன்னுடையது இல்லை என்றது கை.
அன்றைக்கு மாதேசன்தான் கிண்டினார்.
உருண்டைக்குள் உருண்டையாய் மாவுக்கட்டி.
சாறு ஊற்றி விழுங்கினோம், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி பதினாலுக்கு முந்தின மூன்று வாரம்
விடியுமுன் பாலித்தீன் கூடாரத்துக்குள் இறங்கினால்
கட்டர் வாயைத் திறக்கும், மூடும், திறக்கும், மூடும்.
இருபது தண்டு ஒரு கட்டு. நாளைக்கு நூற்றைம்பது கட்டு.
எந்த ஊரிலோ ஒருத்தன் ஒருத்திக்கு நீட்டப்போவது
ஒரே ஒரு பூ.

பக்கத்து வரிசை ஈரம்மா புத்தூர்க் கட்டு என்றாள்.
மெடிக்கல்காரர் ஒரு களிம்பு.
ஓசூர் பெரியாஸ்பத்திரி டாக்டர் நிமிராமலே எழுதினார்:
டென்னிஸ் எல்போ.
டென்னிஸா?
என் மகனிடம் ஒரு பச்சைப் பந்து உண்டு.
ஓட்டின்மேல் விழுந்தபோது திட்டியதோடு சரி,
எனக்கும் அதற்கும் உள்ள உறவு.

பிசியோ அறையில் ஹெப்சிபா என்றொரு பெண்.
அழுத்தினாள், கத்தினேன், மன்னிப்புக் கேட்டாள்.
‘நோவு இங்கே, வேலை அங்கே’ என்று மணிக்கட்டைத் தட்டினாள்.
விரல் இறுகும்போதெல்லாம் மணிக்கட்டைத் தாங்கிப் பிடிக்கிற தசைக்கு
வேர் முழங்கையில் இருக்கிறதாம்.
நான் வெட்டியது ரோஜாவை. நைந்தது அந்த நார்.
‘ஊசி போட்டா விட்டுடாதா?’
‘விடும். பலபேருக்குத் திரும்பி வரும். நார் தேற மாசக்கணக்காகும்க்கா.’

மேசை விளிம்பில் முன்கை. அரைலிட்டர் தண்ணீர் பாட்டில்.
இடது கை தூக்கிவிடட்டும்,
வலது கை இறக்க மட்டும் செய்யட்டும், ஐந்து எண்ணி.
தூக்குவதில் இல்லையாம் மருந்து,
இறக்குவதில்.

போகும்போது சொன்னாள்:
‘எதை எடுத்தாலும் உள்ளங்கை மேலே பாக்கணும்.’

அதுதான் வரவில்லை.
நாற்பத்தொரு வயசில் இந்தக் கையை மல்லாத்தி
யாரிடமும் நீட்டியதில்லை நான்.
சீட்டுப் பணம் தவறின வருஷம்கூட
கம்மலைக் கழற்றினேனே தவிர.

பதினோராம் நாள்
பூவாளியை அடியில் கைகொடுத்து ஏந்தியபடி
சூப்பர்வைசர் திம்மராயன் முன்னால் போய் நின்றேன்.
‘தரம் பிரிக்கிற மேசைக்கு மாத்திவிடுங்க. கை தேறுற வரைக்கும்.’
அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார்.
‘கூலி நாப்பது குறையும்.’
குறையட்டும் என்றேன். சொன்ன பிறகுதான் தொண்டை அடைத்தது.

வாளியை இறக்கினேன்.
ஒன்று, இரண்டு, மூன்று,
நான்கில் கொஞ்சம் நடுங்கி,
ஐந்து.
தண்ணீர் தளும்பவில்லை.

இப்போது மாதேசன் களியில் கட்டி குறைந்திருக்கிறது.
சாவி மட்டும் இன்னும் இடது கையிடம்.