கூட்டல் குறி

ஊத்துக்கோட்டையிலிருந்து சத்தியவேடு போகும் சாலையில்
ஒரு எடைமேடை.
இரவு எட்டு மணியிலிருந்து காலை ஆறு வரை நான்.
ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவே
கிடைக்கிற நேரத்தில்தான் படிப்பு.
நேற்று இருபத்தேழு நிமிடம்.
முந்தாநாள் மழை, அதனால் நாலு மணி நேரம்.

ஜாவாஸ்கிரிப்ட்டில் முதலில் எழுதியது ஒரே வரி.
பொத்தானை அழுத்தினால் 'வாங்க' என்று காட்டவேண்டும்.
காட்டவில்லை.
மேற்கோள் குறியைத் திறந்து மூடாமல் விட்டிருக்கிறேன்.
கேட்டைத் திறந்துபோட்டுத் தூங்கியதற்கு
முதலாளி போன மாதம் திட்டினாரே, அதே குற்றம்.
மூடினேன். அழுத்தினேன்.
வாங்க என்றது.
ஆளில்லாத அறையில்
'இருக்கட்டும்' என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன்.

பிறகு எடைச்சீட்டு.
இரண்டு பெட்டி: லோடோடு எடை, வெறும் வண்டி எடை.
முனிரத்தினத்தின் கிளிமூக்கு மாங்காய்
கூழ் ஆலைக்குப் போகிறது.
பதினெட்டாயிரத்து நானூற்று அறுபதில்
ஏழாயிரத்து இருநூற்று இருபது போக
பதினோராயிரத்து இருநூற்று நாற்பது.
சரியாக வந்தது.
கால்குலேட்டரை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்,
கொஞ்சம் திமிராகவே.

விடியுமுன் இரண்டாம் நடை. ஒன்பதாயிரத்து அறுநூற்று எழுபது.
ரெண்டையும் சேர்த்து ஒரே சீட்டாக் குடு என்றார்.
இரண்டு விடையையும் பெட்டிகளில் இட்டு
நடுவில் ஒரு கூட்டல் குறி, அவ்வளவுதானே.
திரையில்
பதினோரு கோடியே இருபத்து நாலு லட்சத்து
ஒன்பதாயிரத்து அறுநூற்று எழுபது கிலோ.
கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தவர் சொன்னார்:
'ஆறு டயரும் பாவம், அம்மாயி.'

அது கூட்டவே இல்லை.
ஒன்றன் பக்கத்தில் ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறது.
பெட்டியில் நான் தட்டும் எண் அதற்கு வெறும் எழுத்து.
கழிக்கச் சொன்னால் எழுத்தை எப்படிக் கழிப்பது,
எண்ணாகத்தான் இருக்கவேண்டும் என்று தானே ஊகிக்கிறது.
கூட்டச் சொன்னால் எழுத்தை ஒட்டலாமே, ஒட்டிவிடுகிறது.
கேட்பதில்லை. முகம் பார்த்து முடிவு.

எதிர்க்கடை பெஞ்சலய்யாவும் அப்படித்தான்.
வண்டியின் நம்பர் பலகையைப் பார்ப்பார்.
ஏபி என்றால் ஏம் காவால, டிஎன் என்றால் என்ன வேணும்.
பெரும்பாலும் தப்பாது.
என்னிடம் மூன்று வருடமாகத் தெலுங்குதான்.
முதல் நாள் நான் போனது
சத்தியவேட்டில் அப்பா பழசாக வாங்கிய ஸ்கூட்டரில்.
நானும் திருத்தவில்லை.
சக்கெர வத்து என்று சொல்லப் பழகி
சர்க்கரையில்லாத டீயையும் குடித்துப் பழகிவிட்டேன்.

கூட்டுமுன் இது எண் என்று வாய்திறந்து சொல்லவேண்டுமாம்.
சொன்னேன், நம்பர் என்று.
முதலெழுத்தைச் சின்னதாகப் போட்டதில்
இன்னொரு லாரி நேரம் போயிற்று.
இருபதாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து.
முனிரத்தினம் விரலை மடக்கி
தானும் ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டுத்தான்
சீட்டை வாங்கினார்.

நாலரை மணி. சாலையில் நாய் மட்டும்.
எடைப்பெட்டியில் ஜெகதா என்று என் பெயரைத் தட்டி
வெறும் வண்டி எடையைக் கழிக்கச் சொன்னேன்.
மூன்றே ஆங்கில எழுத்து வந்தது.
எண் அல்ல என்பதன் சுருக்கம் என்கிறார்கள்.
எழுத்துக்கூட்டிப் படித்தேன்:
நான்.

கொஞ்ச நேரம் அதை அழிக்கவில்லை.

ஆனால் ஓட்டுநர்கள் பார்த்தால் குழம்புவார்கள்.
எண் இல்லையென்றால் எண்ணை மட்டும் எழுதவும்
என்று காட்டும்படி ஒரு வரி சேர்த்தேன்,
தமிழில் ஒன்று, தெலுங்கில் ஒன்று.
தெலுங்கு காதால் கற்றது. கொம்பும் சுழியும் நிச்சயமில்லை.
காலையில் பெஞ்சலய்யாவிடம் காட்டிப்
பிழை பார்க்கச் சொல்லவேண்டும்.
அப்போது தெரிந்துபோகும் அவருக்கு.