பதினேழு வரை

மஃபாத்துக்குச் சாலை கிடையாது.
எரிவாயு உருளை, சிமெண்ட், கோழித்தீவனம்,
தேர்தல் வந்தால் ஓட்டுப்பெட்டி,
எல்லாம் ஹெலிகாப்டருக்குக் கீழே
வலையில் தொங்கிக்கொண்டுதான் வரும்.
இறங்குவதை எண்ணிக் கையெழுத்திடுவது என் வேலை.
புதுச்சேரியில் வங்கிக்குள் உட்கார்ந்து எண்ணினேன்,
ரீயூனியனில் மேகத்துக்குள் நின்று எண்ணுகிறேன்.

முதலில் ஓர் இருமல்தான்.
தை மாதத்தில் ஒரு செவ்வாய் நான் இருமியது
சனிக்கிழமை திரும்பி வந்தது,
வடக்குச் சுவரிலிருந்து
(சுவர் என்றால் ஆயிரம் மீட்டர் கறுத்த பாறை),
சளிகூடக் குறையாமல்.

"அது அப்படித்தான்" என்றான் ழான்-ரிக்கோ வயாபூரி.
மூட்டை இறக்குபவன்.
வையாபுரி என்று திருத்தினால்
யார் அது என்பான்.
"மழையில் சீக்கிரம் தரும்.
குளிரில் பாறை இறுகிக்கொள்ளும்.
என் அம்மா திட்டிய திட்டு ஒன்று
அவளைப் புதைத்து நாலு வருடம் கழித்து வந்தது.
பதிலுக்கு நானும் திட்டினேன்.
அது எப்போது போய்ச் சேருமோ."

எதிரொலிகளுக்கென்று ஒரு நோட்டுப் போட்டேன்.
தேதி, நேரம், மொழி.
கிரியோலில் ஆடு ஓட்டும் சத்தம்.
மலகாசியில் ஏதோ, ஓடுபவர்களின் மூச்சோடு.
நாய். நாய். கோடரி.
ஒரு குழந்தை பிறந்தது, ஆண்டு தெரியவில்லை.

ஆடி இங்கே குளிர்காலம்.
ஆடி பதினொன்று, விடிவதற்கு முன்
சுவர் தமிழில் பேசியது.
ஒண்ணு.
ரெண்டு.
தாழ்ந்த குரல், அவசரமில்லை.
இருட்டில் ஆட்களைத் தோள் தொட்டு எண்ணுவோமே,
அந்த இடைவெளி.
பதினேழு வரை வந்து நின்றது.
பிறகு காத்திருக்கும் சத்தம்.
காத்திருப்பதற்குச் சத்தம் உண்டு:
ஈரச் சாக்கு, கிட்டும் பற்கள்,
இருமாதே என்று யாரோ யாரிடமோ.

என்ன சொல்கிறான்?
எண்ணுகிறான்.
எதை?
வந்து சேர்ந்தவர்களை. கரும்புத் தோட்டத்திலிருந்து
ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு
இரவில் ஏறி வந்தவர்களாக இருக்கும்.
"அப்படியானால் இன்னும் ஓர் ஆள் வரணும்."
உனக்கெப்படித் தெரியும்?
"கணக்கு சரியாயிருந்தால்
நடக்கத் தொடங்கியிருப்பார்களே."

அடுத்த ஆடியிலும் அதே நாள்,
அதே ஒண்ணு, அதே பதினேழு.
நோட்டைப் புரட்டினேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு பதிவுகள்,
வேறெதுவும் இரண்டாம் முறை வந்ததில்லை.
கொடுத்ததை மறுபடி கொடுக்காது இந்தப் பாறை.
ஆகவே இது எதிரொலி இல்லை.
அவர்கள் இன்னும்
அங்கேயே நிற்கிறார்கள்.

கணக்கு முடியாவிட்டால்
எனக்குச் சோறு இறங்காது.
மூன்றாம் ஆடியில் பதினேழு முடிந்ததும்
கையை வாயருகே குவித்துச் சொன்னேன்:
பதினெட்டு.

ஒன்றுமில்லை.
ஒரு பருந்து இடம் மாறி உட்கார்ந்தது.
ழான்-ரிக்கோ எனக்குக் காப்பி ஊற்றினான்,
சர்க்கரை போட மறந்துவிட்டு.

இன்று கார்த்திகை, முதல் மழை.
பாறை தளர்ந்து வழிகிறது.
உச்சிப்பொழுதில் சுவருக்குள்ளிருந்து
ஒருவர் நீளமாக மூச்சுவிட்டார்.
"வந்துட்டா. நடங்க."
வந்துட்டான் இல்லை,
வந்துட்டா.

பிறகு காலடிகள்.
பழக்கம் விடுமா, எண்ணினேன்.
பதினேழு ஜோடி வெறுங்கால், சேற்றில்.
எல்லோருக்கும் பின்னால் ரப்பர் பூட்ஸ் ஒன்று.
இடதுகால் அடி பிளந்தது போல,
ஊன்றும்போதெல்லாம் சளக் என்று ஒரு சத்தம்.

குனிந்து என் இடது பூட்ஸைப் பார்த்தேன்.

ஹெலிகாப்டர் வந்துவிட்டது.
காற்றில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு
ழான்-ரிக்கோ தாளை நீட்டுகிறான்.
பேனாவை அவன் கையில் வைத்து
இன்றைக்கு நீ எண்ணு என்றேன்.
வலையில் பன்னிரண்டு உருளை, நாலு மூட்டை,
என் பெயருக்கு ஒரு சின்னப் பொட்டலம்:
பூட்ஸ் ஒட்டும் பசை, போன மாதம் கேட்டது.

பிரிக்கவில்லை.